கால் பதிந்த செங்கல்

போன மாதம் எங்கள் மாதர் சங்கம் ஒரு பஸ் பிடித்து, வன்னியில் உள்ள பழைய இடங்களைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது. "நாட்டின்ர சரித்திரத்தை நேரில போய்ப் பாக்கவேணும்" என்று செயலாளர் கலா சொன்னதும் எல்லாரும் கை உயர்த்தினோம். எனக்கு யன்னலோரம் கிடைக்குமா என்பதுதான் கவலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவளின் தலையில் மன்னர்களின் பெயர் எங்கே நிற்கப் போகிறது?

ஆனையிறவில் இறங்கி உப்புக் காற்று வாங்கினோம். பிறகு, காட்டோரத்தில் கம்பி வேலி போட்டு வைத்திருக்கும் ஓர் இடிபாட்டுக்குப் போனோம். பெரிதாக நினைக்காதீர்கள், முழங்கால் உயரத்தில் நாலைந்து செங்கல் சுவர்கள்தான். கலா ஒரு சுவரடியில் குனிந்தவள் கத்தினாள்.

"இஞ்ச ஓடி வாங்கோ, இந்தக் கல்லில நாய் மிதிச்சிருக்கு!"

சூளையில் வைக்க முன் வெயிலில் காயப் போட்டிருந்த பச்சைக் கல்லின் மேல் எந்தக் காலத்து நாயோ நடந்து போயிருக்கிறது. "அந்தக் காலத்திலயும் நாயைக் கட்டி வளக்கேல்லைப் போல" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்து, போனில் படம் எடுத்தார்கள். மழை தூறி ஓய்ந்திருந்த நேரம். நனைந்த செங்கல்லின் வாசம் எழுந்தது. "கால் உளையுது பிள்ளை" என்று கலாவிடம் பொய் சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் போய் ஏறிவிட்டேன்.

அந்த வாசம் என் கைக்குத் தெரிந்த வாசம். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி, விசுவமடுவுக்கு அப்பால் குடியேற்றக் காணிக்கு வந்த புதிதில், பித்தளைப் பானைகளை மினுக்கும் வேலை எனக்குத்தான். பழப்புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் பானை தங்கம் போல் வரும். தூளுக்குக் கல் வேண்டுமே. குளக்கட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு மேடு இருந்தது. மண்ணைக் கிளறினால் இரண்டு கையகலத் தட்டைச் செங்கற்கள் வரும். இந்தக் காலத்துக் கல்லை விடப் பெரியவை, ஆனால் இடித்தால் மா மாதிரி உதிரும். குடியேற்றத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் போவோம். அது யாரோ வாழ்ந்த இடம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு மேட்டையே பானையில் தேய்த்துத் தீர்த்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஒரு நாள் அந்த மேட்டில் ஓர் இளம் வாத்தியார் கொப்பியோடு நின்றார். பழைய இடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டால் சைக்கிளில் தேடிப்போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளும் மனிதர். கிளிநொச்சியிலிருந்து மிதித்து வந்திருந்தார். கல் நிறைத்த எங்கள் கடகப் பெட்டிகளைப் பார்த்து அவருக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் ஏசவில்லை. அந்த நேரம் பார்த்து என் கையில் ஒரு கல் வந்தது. அதில் ஒரு சின்னப் பிள்ளையின் கால். ஐந்து விரலும் அச்சொட்டாக இருந்தன. பெருவிரல் மட்டும் ஆழமாக அழுந்தியிருந்தது. ஓடியிருக்க வேண்டும்.

வாத்தியார் அதை வாங்கி, விரல் அச்சில் ஒட்டியிருந்த மண்ணை ஊதித் தள்ளினார். "ராசாமாரைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கினம். இந்தப் பிள்ளையைப் பற்றி ஆர் எழுதினது?" என்றார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார். "தங்கச்சி, நீங்கள்தானே கண்டெடுத்தனீங்கள். பத்திரமா வைச்சிருங்கோ. பொங்கல் முடிய கமரா இரவல் வாங்கிக்கொண்டு வாறன்."

"ஓம் சேர்" என்றேன். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வராது.

வீட்டில் என் புருசனின் தமக்கை, என் மச்சாள் இருந்தா. நல்லவ, ஆனால் வாய் பெரிது. வேறோர் ஆம்பிளை தந்ததைப் பொத்தி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் பொங்கல் முழுக்க அதுவே கதையாக இருக்கும் என்று பயந்து, கல்லைப் பழஞ்சேலையில் சுற்றி விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் மேட்டடியில் யானை நின்றது. யாரும் காட்டுப் பக்கம் போகவில்லை. மச்சாள் குசினியிலிருந்து சத்தம் போட்டா. "எடியே, பானையெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கு. தூள் எங்க? உன்ர கொம்மா உனக்கு வேலை பழக்கேல்லையோ?"

தாயை இழுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம், தூள் இல்லை என்று. அல்லது சாம்பலால் தேய்த்திருக்கலாம். நான் கிணற்றடிக்குப் போய், கால் பதிந்த பக்கம் கீழே இருக்கும்படி கல்லைத் திருப்பி வைத்து, கோடாலியின் பின்பக்கத்தால் போட்டேன். இரண்டாவது அடியில் உடைந்தது. அந்த வருடம் எங்கள் பானைதான் ஊரிலேயே மினுங்கியது என்று மச்சாள் எல்லாருக்கும் சொன்னா.

வாத்தியார் சொன்னபடி வந்தார், கழுத்தில் கமராவோடு. கிணற்றடியில் நாங்கள் ஏழு பெண்கள் நின்றோம். "தங்கச்சி, கல்லு?" என்றார்.

"வைச்ச இடத்தில இல்லை சேர். ஆரோ எடுத்துக்கொண்டு போட்டினம்."

யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் யாரோ என்பது அரை மணித்தியாலம் கூட யாரோவாக இருக்கவில்லை. "காசிம் நானாவெல்லோ முந்தநாள் வந்து போனவர்" என்று ஒருத்தி தொடக்கினாள். காசிம் நானா முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் அலுமினியச் சட்டி கொண்டுவந்து விற்று, பழம் பித்தளையும் போத்திலும் வாங்கிப் போகிற முஸ்லிம் வியாபாரி. மச்சாள் முடிவே கட்டிவிட்டா. "பழசு வாங்கிறவருக்குத்தானே பழசின்ர விலை தெரியும்." வாத்தியார் கமராவை உறைக்குள் போட்டுக்கொண்டு போனவர், பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

அடுத்த கிழமை காசிம் நானா வந்தபோது அதே கிணற்றடியில் மச்சாள் கேட்டா. "கல்லை என்ன விலைக்கு வித்தனீங்கள் நானா?"

அவர் பகிடி என்று நினைத்தார். "கல்லோ? உங்கட அரிசியில கிடக்கிற கல்லையோ?" என்று சிரித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் எல்லா முகங்களையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீ சொல்லு. குடுக்காத சாமானில நான் கை வைச்சிருக்கிறனோ?"

நான் வாளிக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டிகளைத் திரும்பக் கட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகு அவர் வரவில்லை. சில வருடங்களில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டே போகச் சொன்ன காலம் வந்தது. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் கிணற்றடியில் பெரிதாக ஒரு கதையும் இல்லை. அந்த மௌனம் எனக்கு முன்பே பழக்கமானது.

காசிம் நானாவின் மகள் திரும்பி வந்து முல்லைத்தீவில் பாத்திரக்கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். மூன்று தரம் கடை வாசல் மட்டும் போய்த் திரும்பியிருக்கிறேன். அன்று பஸ் சாப்பாட்டுக்காக அங்கே நின்றபோது, மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் கோட்டை இருந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். நான் கடைக்குள் போனேன். வாப்பா புத்தளத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கியதாக மகள் சொன்னா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படித்தான் சொல்லி முடித்தேனோ தெரியாது.

அவ ஒரு சட்டியின் மூடியைத் துடைத்து அடுக்கில் வைத்தா. "வாப்பா எல்லா ஊருக்கும் போவார், உங்கட குடியேற்றத்துக்கு மட்டும் போறேல்லை. ஏன் வாப்பா எண்டு கேட்டா, அங்க ஆனை கூடுதல் எண்டுவார்" என்றா. பிறகு கேட்டா. "எனக்குச் சொன்னீங்கள், சரி. அங்க உள்ள ஆக்களுக்குச் சொன்னீங்களோ?"

திரும்பும் வழியெல்லாம் கிணற்றடியில் நின்ற அந்த ஆட்களை நினைத்துக்கொண்டு வந்தேன். மேட்டை மெசின் விட்டு மட்டப்படுத்தி இப்போது நெல் விதைக்கிறார்கள், கிணறும் தூர்ந்துவிட்டது. மச்சாள் கடைசி இடப்பெயர்வில் வழியிலேயே போய்விட்டா. இருவர் அதற்கு முன்பே காய்ச்சலில் போனார்கள். ஒருத்தி கனடாவில் பிள்ளைகளோடு இருந்து அங்கேயே முடிந்துவிட்டாள். மற்ற இருவரும் முள்ளிவாய்க்காலைத் தாண்டவில்லை. காசிம் நானா கல்லை எடுத்தவர் என்று நம்பிக்கொண்டே எல்லாரும் போய்விட்டார்கள்.