காக்கிநாடாவில் பாலாறு

மொய்னுதீன் இருபத்தேழு வருடம் இழுவைப் படகில் இன்ஜின் டிரைவராக இருந்தவர். வீடு காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில். வேலை சென்னைத் துறைமுகத்தில், ஒரு தனியார் கம்பெனியிடம். ஒரு நாள் முழுக்க டூட்டி, இரண்டு நாள் வீடு. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும், மூக்கால் முட்டித் தள்ளியும் கரை சேர்ப்பதுதான் அந்தப் படகுகளின் வேலை. கம்பெனியிடம் ஒரே மாதிரி இரண்டு படகுகள் இருந்தன: பாலாறு, செய்யாறு. மொய்னுதீன் பாலாற்றில்.

அந்தப் படகின் சாரங்கு, அதாவது மேலே நின்று ஓட்டுகிறவர், வரதராஜன். அவர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். இருவரும் ஒரே ரயிலைப் பிடித்து பீச் ஸ்டேஷனுக்குப் போவார்கள். வரதராஜனின் மனைவி காந்தா கட்டிக்கொடுத்த இட்லி பாதி, மொய்னுதீனின் மனைவி பல்கீஸ் கட்டிக்கொடுத்த பரோட்டா பாதி என்று செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். படகில் ஏறிவிட்டால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. டூட்டி முடியும்வரை முகம் பார்க்க முடியாது.

2011 மார்ச்சில் ஒரு நாள் காலை, பாலாறு கரைச்சுவரை நெருங்கிக்கொண்டிருந்தது. கயிறு போடும் குரு முன்பக்கம் நின்றிருந்தான். வேகத்தைக் குறைக்க வரதராஜன் லீவரைப் பின்னுக்கு இழுத்தார். படகு நிற்கவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதியது. குருவின் வலது கை இடையில் சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன.

விசாரணையில் வரதராஜன், "நான் சரியான நேரத்துல ரிவர்ஸ் போட்டேன், கீழ இன்ஜின் எடுக்கல" என்றார். மொய்னுதீன், "இன்ஜின் நல்லாதான் இருந்துது. மேல இருந்து ரிவர்ஸ் வரல" என்றார். மேலே லீவரைத் தள்ளினால், ஒரு செம்புக் குழாய் வழியாகக் காற்று இறங்கி வந்து கீழே கியரை மாற்றும். அன்றே ஆட்கள் வந்து சோதித்தார்கள். பத்து முறை போட்டுப் பார்த்தார்கள், பத்து முறையும் சரியாகவே மாறியது. சாரங்கு தாமதமாக ரிவர்ஸ் போட்டதுதான் காரணம் என்று எழுதி, கம்பெனி வரதராஜனை வீட்டுக்கு அனுப்பியது.

சாமான்களை எடுத்துக்கொள்ள வரதராஜன் கடைசியாக வந்த நாளிலும் இருவரும் ஒரே ரயிலில்தான் திரும்பினார்கள், வேறு வேறு பெட்டியில். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வரதராஜன் பெருமாள் கோயில் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தார். அந்தத் தெரு வழியாகப் போவதை மொய்னுதீன் விட்டுவிட்டார். 2016இல் கம்பெனியை மூடி இரண்டு படகையும் விற்றபோது அவரும் ஓய்வுபெற்றார்.

மூத்த மகள் நஸ்னீன் வாழ்க்கைப்பட்டது காக்கிநாடாவில். 2023 தொடக்கத்தில் அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் பல்கீஸும் மொய்னுதீனும் போனார்கள். வீட்டில் பெண்கள் கூட்டம். அவர் ஒரு காலை துறைமுகப் பக்கம் நடக்கப் போனார்.

கால்வாய் ஓரத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு இழுவைப் படகு கட்டியிருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் புகைக்கூண்டின் சாய்வும், பின்பக்கக் கைப்பிடியின் வளைவும் அவரை நிறுத்திவிட்டன. கிட்டே போனார். கப்பல்களின் பெயரைத் தகட்டில் வெல்டிங் மேடாக எழுதுவார்கள். மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் அந்த மேடு மறையாது. சாய்ந்த வெயிலில் புதுப் பெயருக்கு அடியில் பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. செய்யாறு.

சுற்றிலும் பார்த்தார். நாலு படகு தள்ளி, பாலாறு நின்றுகொண்டிருந்தது. மூக்கில் இடதுபக்கம், சுவரில் மோதிய இடத்தில், தகடு இன்னும் உள்வாங்கியே இருந்தது.

அவர் நின்ற நிலையைப் பார்த்து, மேல்தளத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "என்ன பாய், யாரு வேணும்?" என்று தமிழிலேயே கேட்டார். கடலூர்க்காரர், பெயர் ஜெயக்குமார். இப்போது பாலாற்றின் இன்ஜின் டிரைவர் அவர்தான்.

"நான் இதுல கீழ வேல செஞ்சவன்பா. மெட்ராஸ்ல."

ஜெயக்குமார் கை கொடுத்து ஏற்றிவிட்டார். இன்ஜின் அறைக்கு இறங்கும் ஏணியில் மொய்னுதீனுக்கு ஒன்பது படி என்று எண்ண வேண்டியிருக்கவில்லை. கால்களே இறங்கின. டீ வந்தது. பேச்சோடு பேச்சாக ஜெயக்குமார் சொன்னார்:

"வாங்கின புதுசுல எங்கள ரொம்பப் படுத்திடுச்சி பாய். திடீர்னு ரிவர்ஸ் எடுக்காது. ஒரு தடவ சரக்கு பார்ஜ் மேலயே ஏத்தியிருப்போம், மயிரிழைல தப்பிச்சோம். செக் பண்ணா நல்லா வேல செய்யும்."

மொய்னுதீன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"ரெண்டு மாசம் தேடினோம். மேல பேனலுக்குப் பின்னால போற காத்துக் குழாய், கம்பி பட்டுப் பட்டுத் தேஞ்சி, ஊசிமுனை அளவு ஓட்டை. காத்து ஃபுல்லா இருந்தா தெரியாது. கொஞ்சம் கொறஞ்சா லீவர் போட்டாலும் கீழ வந்து சேராது."

ஜெயக்குமார் போனில் அந்தக் குழாயின் படம் இருந்தது. அதை மொய்னுதீனுக்கு அனுப்பிவைத்தார். அது தேய்ந்து வெளுத்திருந்த விதத்தைப் பார்த்தாலே மொய்னுதீனுக்குத் தெரிந்தது, ஒரு வருடம் இரண்டு வருடத்தில் வந்த தேய்மானம் அல்ல.

அன்று அவர் சாப்பிடவில்லை. பல்கீஸ் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். "போன்ல சொல்லிடுங்களேன்" என்றாள் அவள். "இது போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்றார். குழந்தைக்குப் பெயர் வைத்த மறுநாள் ரயில் ஏறினார்.

ஜெராக்ஸ் கடையில் ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை மொய்னுதீன் வெளியிலேயே நின்றார். வரதராஜன் நிமிர்ந்து பார்த்தார். முடி முழுக்க நரைத்திருந்தது.

"என்னா வேணும்?" என்றார், யாரோ வாடிக்கையாளரைக் கேட்பதுபோல.

"பாலாறைப் பார்த்தேன் வரதா. காக்கிநாடாவுல."

மொய்னுதீன் போனை நீட்டினார். ஜெயக்குமார் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். வரதராஜன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் நேரத்துக்குப் போட்டேன்னு நீ நம்பினியா?"

"இல்ல" என்றார் மொய்னுதீன். "நம்பல. மன்னிச்சிடு."

வரதராஜன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கே நம்பிக்கை இல்லபா. நேரத்துக்குப் போட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கினே இருந்தேன். உள்ளுக்குள்ள, கை லேட் ஆயிடுச்சோ லேட் ஆயிடுச்சோன்னு பன்னெண்டு வருஷமா அதே ஓட்டம். தூக்கத்துல லீவர இழுப்பேன், காந்தா கைய புடிச்சிக்குவா."

சொல்லிவிட்டு அழுதார். மொய்னுதீன் கடைக்கு உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா, "அப்புறமா வரேன்பா" என்று திரும்பிப் போனாள்.

சற்று நேரம் கழித்து வரதராஜன் படத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்தார். "குருகிட்ட காட்டணும். இப்பவே போலாமா?"

குரு திருமுக்கூடலில் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரே வண்டியில் இரண்டு பேரும் வந்து இறங்கியதைப் பார்த்துத் திகைத்துப் போனான். மூன்று விரல் கையால் தாளை வாங்கி, வரதராஜன் சொல்வதைக் கேட்டான்.

"நான் ஒரு நாளும் உங்கள ஒன்னும் சொன்னதில்லயே சாரங்கு."

"நீ சொல்லலடா. நீ சொல்லாததுதான் எனக்குத் தாங்கல."

குரு தாளை நாலாக மடித்தான். "திட்டணும்னு தோணியிருக்குது" என்றான் பிறகு. "கறக்கும்போது கை வலிச்சா தோணும். இனிமே யாரைத் திட்டறது, சொல்லுங்க?"

கம்பெனி இல்லை, முறையிட ஆளும் இல்லை. குருவின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மூவரும் மாட்டுக் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து குடித்தார்கள். பாலாற்றை இப்போது யார் ஓட்டுகிறார்கள், ஆள் எப்படி என்று வரதராஜன் கேட்டார். மொய்னுதீன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார்.