இரண்டு கையிலும் தேநீர்த் தட்டு

அப்பா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் மிஷன் பங்களாக் குசினியில் இருபது வருஷம் சமைத்தவர். காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான் மிச்சம். "அப்பன் வேலையை மகனே பார்க்கட்டும், திங்கட்கிழமை வந்து பதில் சொல்லு" என்று பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பங்களாக் குசினிக் கதவுக்குப் பின்னால், ஆணியில், அப்பா சமைக்கும்போது கட்டும் வெள்ளைத் துணி அப்படியே தொங்கியது. ஒருநாள் அதை எடுக்கப் போனேன். வெங்காயமும் வியர்வையுமாக அவர் மணம் வந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அடுப்பின் முன்னால் தினமும் நிற்க என்னால் முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் மலேயாவில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஒருவர் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைக் கொண்டுபோக வேண்டுமாம். இராஜாக்கமங்கலம் ரோட்டில் அவர் வீடு. சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்.

நான் படித்தது ஆறாம் கிளாஸ். ஆனால் இங்கிலீஷ் பேச வரும். வாசிப்பு பங்களாவில் கழித்துப்போட்ட புத்தகங்களில் வந்தது. பேச்சு அப்பா தந்தது. பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணியம்மாள் பேசும்போது அப்பா அவர் வாயைத்தான் பார்ப்பார். உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே போகிறது என்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சவரக் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதுல உன் வாயைப் பாத்துச் சொல்லு மக்கா" என்பார்.

கிராணி வீட்டு முற்றத்தில் ஆறு பேர் நின்றார்கள். பூட்ஸ் போட்டிருந்த பி.ஏ.க்காரர் ஒருவர் என்னைக் கேட்டார்.

"நீ எதுவரை படிச்ச?"

"ஆறாம் கிளாஸ்."

"கொள்ளாம். அப்போ நீ அங்க படிப்பிக்கப் போறியா, படிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே கிராணி சாய்வு நாற்காலியில் இருந்தார். இங்கிலீஷில் ஊரையும் வயதையும் கேட்டார். நான் குனிந்து நின்று பதில் சொன்னேன்.

"ஏலே, என்ன சொல்லுக? ஒண்ணும் கேக்கல. வாயிலேருந்து கையை எடு."

அப்போதுதான் என் கை வாயைப் பொத்திக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பெரியவர்கள் முன்னால் நம் மூச்சு அவர்கள்மேல் படக்கூடாது என்று வாய் பொத்திப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். இருபது வருஷமும் அப்பா பங்களாவில் அப்படித்தான் பேசினார். கையை எடுத்தேன். அடுத்த கேள்விக்கு அது தானாக மேலே போய்விட்டது. அதற்கடுத்த கேள்விக்கும்.

"பிள்ளையளு உன் வாயைப் பாக்காண்டாமா? தோட்டத்துத் துரை கேட்டது சீமையில பொறந்த ஆளை. அப்படி ஒருத்தனும் வரமாட்டான், அதனாலதான் இங்க வந்து தேடுகேன். அதுக்காக, வாயைப் பொத்துற ஆளைக் கொண்டுபோக முடியுமா? போ. அடுத்த ஆளை வரச் சொல்லு."

பி.ஏ.க்காரர் உள்ளே போனார். நான் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று நடந்தேன். இனி, திங்கட்கிழமை குசினிதான்.

பின்கட்டில் கிராணியின் மனைவி ஒரு தட்டில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அப்பா துரைசாணியம்மாளிடம் தெளிவாகப் பேசுவது தேநீர் கொண்டுபோகும்போது மட்டும்தான். இரண்டு கையும் தட்டில் இருக்கும். வாயைப் பொத்தக் கை ஏது? "உன் இங்கிலீஷ் சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் நன்றாக இருக்கிறது" என்று அந்த அம்மாள் சொன்னாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அக்கா, அந்தத் தட்டை நான் கொண்டுபோகட்டா?"

"நீ வேலைக்கு வந்தவனா, பந்தி விளம்ப வந்தவனா?"

"ரெண்டுக்கும்தான் அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சாயா சிந்தினா எனக்குத் தெரியாது, கேட்டியா" என்று தட்டைத் தந்தார்.

தட்டோடு உள்ளே போய், கிராணி வாய் திறக்குமுன் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். என் கை ஏன் மேலே போகிறது, அப்பா யார், இந்தத் தட்டு ஏன் என்று எல்லாம் சொன்னேன். கோப்பைகள் கிலுகிலுத்தன.

"கீழ வைக்காத. அப்படியே நில்லு" என்றார் கிராணி. "ஒண்ணுமே தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்குடுப்ப? இவ இருக்கா, இவளுக்குச் சொல்லு."

வாசலில் நின்ற அவர் மனைவியிடம் 'தேங்க் யூ' சொல்லச் சொன்னேன். முதல் எழுத்து நம் 'தே' மாதிரி மொட்டையாகத்தான் வந்தது. "அக்கா, நெல்லைக் கடிச்சா உமி நாக்கு நுனியில ஒட்டுமில்லா? அதைப் பல்லுக்கு நடுவுல கொண்டுவந்து வெளிய தள்ளுவோமே. அப்படித் தள்ளிக்கிட்டே சொல்லுங்க."

இரண்டு தடவை தள்ளினார். மூன்றாம் தடவை சுத்தமாக வந்துவிட்டது. அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். நாற்காலியில் இருந்த பி.ஏ.க்காரரும் சத்தமில்லாமல் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீமையில பொறந்தவனுக்கு இந்த உமி தெரியாது" என்றார் கிராணி மெதுவாக. "இது உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா."

கண்ணீர் வடிந்தது. துடைக்கக் கை இல்லை. அந்த அக்கா வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "கண்ணைத் தொடை பிள்ளே" என்றார்.

"ஆறாம் கிளாஸ்னுதான் துரைக்கு எழுதுவேன், மறைக்க மாட்டேன்" என்றார் கிராணி. "ஆனா நான் பாத்ததையும் எழுதுவேன்."

துரையின் பதில் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. திங்கட்கிழமையே பங்களாவுக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொல்லி, அப்பாவின் துணியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா திட்டினாள். அதைத் துவைக்கப் போனாள். நான் வேண்டாம் என்றேன். ஐந்து வாரம் கழித்துத்தான் மலேயாவிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வா என்று.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள், "அங்க போயும் கையில சாயாத் தட்டோடயா நிப்ப?"

"சிலேட்டு இருக்கும்லாம்மா. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுவேன்."

அப்பா போனபிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.