துசாந்தன் பார்த்த கொரியா

கொரியாவில் ஐந்து வருடம் இருந்த எங்கள் துசாந்தனுக்கு, கொரியாவைப் பார்ப்பதற்குப் பெரியகல்லாற்றுக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது.

அங்கே அவன் கண்டது ஒரு தீவு, ஒரு தகரக் கொட்டகை, குவியல் குவியலாகச் சிப்பி. காலையில் உடைக்க உட்கார்ந்தால் இருட்டும்வரை உடைப்பான். லீவு நாளில் தூங்குவான். ஊருக்கு வந்தால் ஆளாளுக்குக் கேள்வி. கொரிய நாடகங்களைத் தமிழில் போனில் பார்த்துப் பார்த்து, எங்கள் ஊர் அந்த நாட்டையே கரைத்துக் குடித்திருந்தது.

பெண் பார்க்கப் போன அன்று கிருசிகாவும் கேட்டாள். "நாடகத்துல வாற அந்த ரோஸ் கலர்ப் பூக் கொட்டுற ரோட்டால நடந்திருக்கீங்களா?"

அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கிருசிகா அவர்கள் இருவரும் இருக்கப்போகும் அறை முழுக்க ரோஸ் கடதாசிப் பூத் தொங்கவிடுகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பொய்க்குள் ஆயுள் முழுக்கக் குடியிருக்க முடியுமா?

பொய்யைக் காப்பாற்றப் பாடம் படிக்கத் தொடங்கினான். வாவியில் தோணியை மிதக்கவிட்டு, வலையை மறந்து, பகல் முழுக்க நாடகம். பாலம், மழை, ஒரே குடைக்குள் இரண்டு பேர். கொஞ்ச நாளில், உண்மையிலேயே அங்கெல்லாம் நடந்தோமோ என்று அவனுக்கே சந்தேகம். கண் சொருகும் வெயிலில் வாவி முழுக்க ரோஸ் இதழ்கள் மிதந்து வந்தன. கையை விட்டால் வெறும் நுரை. சுகமாகத்தான் இருந்தது.

ஒரு நாள், நாடகத்தின் கதாநாயகன் தாயைத் தேடி ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போனான். அவனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சிப்பிக் குவியல், ரப்பர் கையுறைகள், அடுப்பில் ஆவி பறக்கும் கேத்தல். துசாந்தன் இருந்த தீவு அதுவல்ல. ஆனாலும் அதே குளிர் விரல்களில் ஏறியது. தோணியில் இருந்தபடியே அழுதுவிட்டான்.

கரைக்கு வந்து, நேரே கிருசிகா வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினான்.

"நான் பூ ஒண்டும் காணல்ல. இப்பிடி ஒரு கொட்டகைக்குள்ளதான் அஞ்சு வருசமும் கிடந்தன். அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொல்லிட்டன்."

அவள் போனை வாங்கினாள். காட்சியை முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள்.

"இதுக்குள்ள எந்தப் பக்கம் இருந்த நீங்க?"

கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், அடுப்படிக்குப் பக்கத்து மூலையை விரலால் காட்டினான்.

அந்தக் கதாநாயகனுக்காக எத்தனையோ நாள் சோறு தண்ணி மறந்தவள் கிருசிகா. இப்போது கண்ணைச் சுருக்கி, போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இவன் ஒருத்தன்! கொஞ்சம் தள்ளி நிண்டா என்னவாம்? உங்கட இடத்தையெல்லோ மறைக்கிறான்" என்றாள்.