பகலில் தூங்குகிறவரின் ஷூ

"அந்த ஊட்டு சார் எப்போ முழிச்சிகினு இருப்பாரு?"

பார்சல் கொண்டுவந்தவர் படிக்கட்டில் நின்று இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த சாரை எங்கள் பிளாக்கில் யாருமே பார்த்ததில்லை. வாசலில் கிடக்கும் அவருடைய ஷூவைத்தான் பார்த்திருந்தோம். பதில் தெரிய வந்தபோது, இது அந்த சாரின் கதையே இல்லை, சுதாவின் கதை என்று புரிந்தது.

சுதாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில், தைத்த சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அப்பா கோவிந்தராஜ் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். ஒன்பது வருஷமும் பார்த்துக்கொண்டது சுதாதான்.

அப்பா போன பிறகு கட்டில், சக்கர நாற்காலி, சட்டை வேட்டி எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. போனவர்கள் போட்டிருந்ததை வீட்டில் வைக்கக் கூடாது என்று சித்தி சொன்னதால் ரப்பர் செருப்பும் போனது. ஒரு ஜோடியை மட்டும் சுதா கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஆன வருஷம் அப்பா பெரியமேட்டில் கால் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்ட பழுப்புத் தோல் ஷூ அது. அடிப்பாகம்கூடத் தோல்தான். கல்யாணம், காதுகுத்து, தொழிற்சாலை ஆண்டு விழா, இவற்றுக்கு மட்டும் போடுவார். சித்தியின் கண்ணில் படாமல் அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி சூட்கேஸில் வைத்துக்கொண்டு, பட்டாபிராமில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் குடிவந்தார் சுதா.

முதல் வாரத்திலேயே தண்ணீர் கேன் போட வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்து, "தனியாவா கீறீங்க?" என்றான். கேட்டதில் தப்பான எண்ணம் இருந்ததா என்று சுதாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று இரவு தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தார். மறுநாள் வேலையில் பக்கத்து மேஜை விஜியிடம் சொன்னார்.

"வாசல்ல ஒரு ஆம்பள செருப்பைப் போட்டு வைடி. எவனும் எட்டிப் பாக்கமாட்டான்," என்றார் விஜி. "கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன். புருஷனைவிட அந்தச் செருப்பு ஒழுங்கா இருந்துச்சு."

வீட்டில் இருந்த ஒரே ஆண் காலணி சூட்கேஸில் இருந்தது. கவரைப் பிரித்தால் ஷூ முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். இடது ஷூவில் அடித்தையல் விட்டு வாய் பிளந்திருந்தது. இதை அப்படியே வெளியே வைத்தால், போட ஆள் இல்லாத ஷூ என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தினமும் ஒருவர் போட்டு நடக்கிற மாதிரி ஆக்கவேண்டும்.

பூசணத்தை ஈரத்துணியால் துடைத்தார். காய்ந்து விறைத்திருந்த தோலை என்ன செய்வது என்று தெரியவில்லை. வறட்டுத் தலை, வெடித்த பாதம், கிறீச்சிடும் கதவு என்று எல்லாவற்றுக்கும் நாம் என்ன செய்வோமோ அதையே செய்தார். தேங்காய் எண்ணெயைத் தடவினார். காலையில் பார்த்தால் முன்பக்கம் திட்டுத்திட்டாகக் கறுத்துக் கிடந்தது. அப்பாவின் பொருளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற பதைப்போடு பூந்தமல்லிக்கு பஸ் ஏறி, உஸ்மான் கனி என்பவரின் ஷூ ரிப்பேர் கடையைத் தேடிப் போனார்.

உஸ்மான் கனி ஷூவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இன்னாம்மா, ஷூவுக்கு எண்ணெ வெச்சித் தலை வாரி உட்டுட்டீங்களா?"

சுதா கறுத்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனார்.

"பரவால்ல. முகத்துக்குப் போடற பவுடரத் தூவி வெச்சா எண்ணெய இஸ்துக்கும். மிச்சம் கீற கறைக்கு ஏத்த மாரி மொத்தத்தையும் கொஞ்சம் அழுத்தமான கலர்ல அடிச்சிடலாம். தையலு நான் பாத்துக்கறேன். யாருக்கும்மா இது?"

"வீட்டுக்காரருக்கு."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் ஷூ திரும்பி வந்தபோது தோல் இளகி, அடர்ந்த பழுப்பில் அமைதியாக மின்னியது. நனைந்தால் வெயிலில் வைக்கக் கூடாது, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிட வேண்டும், கயிறைக் கழற்றிவிட்டுத்தான் பாலிஷ் போடவேண்டும் என்று உஸ்மான் கனி சொன்னதை சுதா அப்படியே கடைப்பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீடுகளிலிருந்து கறிக்குழம்பு வாசனை வரும். சுதா வீட்டில் பாலிஷ் வாசனை. பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். அப்பாவின் வலது சுண்டுவிரல் புடைத்திருக்கும். அந்த இடத்தில் ஷூவும் புடைத்திருந்தது. அங்கே வரும்போது கை தானாக மெதுவாகும். ஒன்பது வருஷம் அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்த கை அல்லவா.

காலை ஏழேகாலுக்கு ரயிலுக்குக் கிளம்பும்போது ஷூவை வாசலில் வைப்பார். இரவு நாய் கவ்விக்கொண்டு போய்விடும் என்று கிரில் கேட்டைப் பூட்டும்போது உள்ளே எடுத்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஏற்பாடுதான். தண்ணீர் கேன்காரன் அதற்குப் பிறகு கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

யாரும் எதற்குமே வரவில்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. மாடியில் கத்திக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் அவர் வாசலுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். படியில் நின்று பேசும் பெண்கள் அவரைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துவார்கள். நவராத்திரியில் மேல்வீட்டுப் புஷ்பா குங்குமச் சிமிழோடு கொலுவுக்கு அழைக்க வந்தார். உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்த சுதா, ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தத்தைக் கேட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். காலடிச் சத்தம் அவர் கதவைத் தாண்டிப் போய்விட்டது. எப்படியோ தெரிந்துகொண்டார்கள், புருஷன் இல்லாதவள் என்றுதான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரம் ஷூவுக்கு இரண்டு முறை பாலிஷ் போட்டார், இன்னும் உண்மை மாதிரி இருக்கட்டும் என்று.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் காலையில் ஷூவை வெளியே வைத்துவிட்டுப் படுத்தவர், பிறகு அதை எடுக்கவும் எழவில்லை. விஜி போன் செய்தபோது, சுதா வழக்கம்போல, "சரியாயிடும்" என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் எடுக்க எழுந்தால் சமையலறை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்கு வெளியே பந்து விழும் சத்தம் கேட்டது. அதோடு எதிர்வீட்டு நிஷாவின் குரல்.

"ஹிபா, அங்க பந்து போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? அங்கிள் நைட் டூட்டி முடிச்சிட்டுத் தூங்கினு கீறாரு. ஷூ கீது பாரு."

சுதா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் வெளியே ஷூ, ராத்திரி ஷூ இல்லை. பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? இரண்டு வருஷமாக இந்த மாடியே தன் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்காமல் நடந்திருக்கிறது.

கதவைத் திறந்து கூப்பிட்டால் இல்லாத மனிதர் இல்லாமலே போய்விடுவார். நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் இந்தத் தரையிலேயே கிடக்கவேண்டியதுதான். பிறகு ஊர்ந்தபடி போய்த் தாழ்ப்பாளை விலக்கினார்.

நிஷா பதறி ஓடிவந்தார். "இன்னாக்கா, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. சார எழுப்பட்டா?"

"சார் யாரும் இல்லம்மா."

"டூட்டிக்குப் போய்ட்டாரா?"

"எப்பவுமே இல்ல. அது எங்கப்பா ஷூ. அவர் இல்லாமப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

நிஷா ஷூவைப் பார்த்தார், சுதாவைப் பார்த்தார். "ரெண்டு பெருநாளைக்கும் பிரியாணி எடுத்துகினு உங்க வாசல் வரைக்கும் வந்தேங்க்கா. தூங்குறவர எதுக்கு எழுப்பணும்னு திரும்பிப் போய்ட்டேன்." பந்தோடு நின்ற மகளைக் காட்டி, "பெத்த பொண்ண வாயத் தொறக்க உடாம அடக்கி வெச்சிருக்கேன், ஒரு ஷூவுக்காக," என்றார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான்கு நாள் கஞ்சி நிஷா வீட்டிலிருந்து வந்தது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சுதா கேட்டதற்கு, "ஷூ அங்கியே கெடக்கட்டும். நான் கதவத் தட்டறேன்," என்றார் நிஷா. சொன்னபடி தட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் சுதா ரயிலிலிருந்து இறங்கி வந்து, விளக்கைப் போட்டு, ஒருவருக்குச் சமைத்துச் சாப்பிடுகிறார். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த வாசலில் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.

அந்தப் பார்சலை வாங்கி வைத்திருந்து கொடுக்கப் போனபோது, இதையெல்லாம் எனக்குச் சொன்னது சுதாதான். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது. எந்த பிளாக்னு மட்டும் எழுதாத," என்றார். அதனால் இந்தக் கதையைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடியில், உங்கள் தெருவில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். வாசலில் ஷூ கிடக்கிறது என்பதற்காகக் கொண்டுபோன தட்டோடு யாரும் திரும்பிவிட வேண்டாம்.