நான் சொல்லாத திருத்தம்

ஸ்டெல்லாவும் நானும் குரோம்பேட்டையில் ஒரே கல்லூரியில் இயற்பியல் நடத்தினோம். வெளிநாட்டில் ஃப்ரீ எலக்ட்ரான் லேசர் ஆய்வகம் ஒன்றில் வேலைக்கு இருவருமே விண்ணப்பித்தோம். இன்டர்வியூவுக்கு அவளை மட்டும் அழைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மதியம், காலி வகுப்பறையில் என்னிடம் ஒத்திகையாகப் பேசிப் பார்த்தாள்.

"எலக்ட்ரானைக் கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துக்குக் கொண்டுபோய், வடக்கு தெற்குன்னு மாத்தி மாத்தி வச்ச காந்தங்களுக்கு நடுவுல விடறோம். அது நெளிஞ்சு நெளிஞ்சு போறப்போ ஒளி வருது. அந்த ஒளியே எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தா சேர்க்குது. எல்லாம் ஒண்ணா ஒளி விட்டா, லேசர். அதுக்கான எனர்ஜியைக் காந்தம் குடுக்குது."

கடைசி வரி தவறு. காந்தம் பாதையை வளைக்க மட்டுமே செய்யும். எலக்ட்ரான் தன் ஆற்றலை இழந்துதான் ஒளி பிறக்கிறது.

"சரியா இருக்கா?" என்றாள்.

"சூப்பரா இருக்குடி," என்றேன்.

மறுநாள் மாலை போன் செய்தாள். "கிடைச்சிடுச்சுடி. ஆனா அந்தக் காந்த விஷயத்துல மடக்கிட்டாங்க. போர்டுல போட்டுப் பார்த்து நானே திருத்திட்டேன். நீகூட கவனிக்கல பாரு."

"எனக்கும் தெரியலடி," என்றேன்.

அவள் போய் ஒரு வருடமாகிறது. எனக்குப் புரியட்டும் என்று, காந்தங்களைப் பற்றிய எளிய குறிப்புகளை அங்கிருந்து இன்னமும் அனுப்புகிறாள். பொறாமைக்காரி என்று தெரிவதைவிட விவரம் தெரியாதவளாகவே இருந்துவிடலாம் என்று, ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.