அம்மா கேட்டு வாங்கிய மூன்றாவது தாள்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அம்மா எடமலைப்பட்டி புதூரில் பிறந்தார். பி.ஏ. வரலாறு படித்தார்.
2. திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தார்.
3. அப்பாவும் சித்தப்பாவும் துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை தொடங்கினார்கள். பின்னர் அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆனது.
4. அப்பா மறைந்தார். அவருடைய இடத்தில் அம்மா டைரக்டர் ஆனார்.
5. பல ஆண்டுகள், கணக்கு அறிக்கையில் சித்தப்பா பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தந்த இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டார்.
6. ஓர் ஆண்டு கையெழுத்திட மறுத்தார்.
7. சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஆறாவதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். சித்தப்பா மகளின் கல்யாணத்தை அம்மா தடுத்தார் என்று உறவினர்களான உங்களில் சிலர் இன்றும் நினைக்கிறீர்கள். சித்தப்பாவிடம் அனுமதி கேட்டே இதை எழுதுகிறேன்.

அது ஆவணி மாதம். வழக்கம்போல ஆண்டுக் கணக்கு அறிக்கையுடன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். லாப நட்டக் கணக்கு நல்ல லாபம் காட்டியது. ஆனால் அந்த மாதம் பட்டறையில் சம்பளம் தள்ளிப்போயிருந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த வெல்டர் சொல்லி அம்மாவுக்கு அது தெரியும். அம்மா பேனாவை எடுக்கவில்லை.

“என்ன அண்ணி, பேனா எழுதலையா?” என்று சித்தப்பா சிரித்தார்.

“பேனா நல்லாத்தான் இருக்கு தம்பி. இவ்வளவு லாபம்னு போட்டிருக்கே, அது எங்க இருக்கு? சம்பளம் ஏன் தள்ளிப்போச்சு?”

“அதெல்லாம் ஆடிட்டர் பாத்தாச்சு. இதுல ஈவுத்தொகை எடுத்தாத்தான் பாப்பா கல்யாணத்த தையில வெக்க முடியும். கே.கே. நகர்ல மண்டபம்கூடச் சொல்லி வெச்சுட்டேன்.”

“அவ கல்யாணத்துல எனக்கு ஆசையில்லையா? புரிஞ்சுக்கிட்டுப் போடுறேன். ஆடிட்டர் சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க.”

“அண்ணன் இருந்திருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார் சித்தப்பா. அன்று அம்மா சாப்பிடவில்லை. அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கு இருந்த ஒரே துணை சித்தப்பாதான்.

ஆடிட்டர் வந்தார். பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் கடைசி நாளில் கம்பெனியிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தர வேண்டும் என்று சொல்லும் தாள். லாப நட்டக் கணக்கு ஆண்டு முழுவதும் ஈட்டியதையும் செலவிட்டதையும் சொல்வது என்று விளக்கினார். அம்மாவின் முதல் கேள்வி இது:

“நாங்க போட்ட முதலீடு ஏன் சார் கடன் பக்கத்துல நிக்குது?”

“கம்பெனி வேற, நீங்க வேறம்மா. அந்த முதலீடு, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது.”

“அப்ப எங்க வீட்டு பீரோ மாதிரி நெனச்சப்பல்லாம் தொறக்கக் கூடாது.”

“இதை எல்லா டைரக்டரும் புரிஞ்சுக்கிட்டா எனக்குப் பாதி வேலை மிச்சம்மா.”

சரக்கு அனுப்பி பில் போட்டாலே அது வருமானமாகிவிடும், பணம் பிறகு வரும் என்றார் அவர். அம்மா பேலன்ஸ் ஷீட்டில் விரல் வைத்துத் தேடினார். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை முந்தைய ஆண்டைவிட இரு மடங்காகியிருந்தது. லாபம் அங்கேதான் நின்றது.

“கையில வந்தது, கைய விட்டுப் போனது, இதை மட்டும் சொல்ற தாள் இல்லையா சார்?”

“இருக்கும்மா. பணப்புழக்க அறிக்கைன்னு பேரு. உங்கள மாதிரிச் சின்ன கம்பெனிக்கு அது கட்டாயமில்ல.”

“எனக்குப் போட்டுக் கொடுங்க.”

சில நாட்களில் அந்த மூன்றாவது தாள் வந்தது. முதல் வரியில் லாபம். கடைசி வரியில், கையிருப்புக் குறைவு. சித்தப்பா அதை இரண்டு முறை படித்தார்.

அந்த ஆண்டு ஈவுத்தொகை எடுக்கவில்லை. அறிக்கையில் அப்படி எழுதிய பிறகே அம்மா கையெழுத்திட்டார். சித்தப்பா வாடிக்கையாளர்களிடம் நேரில் அலைந்து பாக்கியை வசூலித்தார். தீபாவளி போனஸ் தாமதமில்லாமல் கிடைத்தது. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. அதுவரை சித்தப்பா எங்கள் வீட்டுப் படியேறவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அவருக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தனுப்பினார். தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. அது போதும் என்பார்.

முகூர்த்தத்தன்று அம்மா மண்டபத் தூணோரம் ஒதுங்கி நின்றார். தாலித் தட்டு ஆசி வாங்கச் சுற்றிவரக் கிளம்பியபோது சித்தப்பா மேடையிலிருந்து சத்தமாகச் சொன்னார்: “மொதல்ல எங்க அண்ணி தொடட்டும்.”

கடைசி நாட்களில், மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து அந்த ஆண்டின் மூன்றாவது தாளைப் படித்துக் காட்டியவரும் சித்தப்பாதான்.

“பாக்கி கொறஞ்சிருக்கு அண்ணி.”

“சம்பளம்?”

“ஒண்ணாந்தேதி போட்டாச்சு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன ஆடிட்டருக்கும், பட்டறைத் தொழிலாளர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், புகுந்த வீட்டைவிட்டு வந்து உடனிருந்த சித்தப்பா மகளுக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இப்போது அம்மாவின் இடத்தில் நான் டைரக்டர். இந்த ஆண்டின் அறிக்கை வந்திருக்கிறது. மூன்றாவது தாளை மேலே வைத்து அனுப்பியிருக்கிறார் சித்தப்பா. எங்கும் பென்சில் குறி இல்லை. எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்னும் கையெழுத்திடவில்லை.