திண்டிவனம் சடுகுடு மைதானத்துக்கு இருபத்து மூன்று மைல்

சென்ற மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குச் சடுகுடு பார்க்கப் போனேன். இரண்டு ஊருக்கும் வருஷா வருஷம் நடக்கும் போட்டி. மூன்று வருஷமாகக் கோப்பை திண்டிவனத்தில் இருக்கிறது. இந்த முறையும் அவர்களே ஜெயித்தால் திருப்பித் தரவே வேண்டாம் என்பது ஏற்பாடு. நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். திண்டிவனத்துக்காரர் எவர் பஞ்சர் ஒட்ட வந்தாலும் அந்தக் கோப்பையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாமல் போவதில்லை. அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் ஆட்டக்காரர்களோடு கிளம்பினேன்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை நம்ப வேண்டாம். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் இரண்டு முறை இறங்கித் தள்ளச் சொல்வார்கள். ரயில்தான் மேல். காலை ஏழு நாற்பதுக்கு வண்டி, மூன்றாம் வகுப்பு ஆறணா. அன்று முக்கால் மணி தாமதித்து ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆட்டக்காரர்கள் ஏழு பேரில் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் இஞ்சின் ஷெட்டில் கரி அள்ளுபவர், இருபத்து நாலு வயது, சேரிக்காரர். அவர் ஒரே மூச்சில் பாடி முடிப்பதற்குள் நான் ஒரு டயரைக் கழற்றிவிடுவேன். கேப்டன் கோதண்டம் அவரைச் சேர்த்ததற்குப் பெரிய மனசு காரணமில்லை, கோப்பைதான் காரணம். வண்டி ஏறுமுன் விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர் ஓட்டலில் நாங்கள் உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றோம். ஏழுமலைக்கு வாசலுக்கு வெளியே இலை, கொட்டாங்கச்சியில் காப்பி. எனக்கு அப்போது ரோஷம் வரவில்லை. இரண்டாவது காப்பி வாங்கிக் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மைதானம் திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல், ஏரிக்கரை ஓரம். ஜட்காவுக்கு இரண்டணா. பத்தரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் ஏழுமலை ஒரு தடவை அகப்பட்டார். ஐந்து பேர் அவர்மேல் விழுந்து அமுக்கினார்கள். ஒருவன் கழுத்தையே கட்டிக்கொண்டான். நல்ல ஆட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

இடைவேளையில்தான் வந்தது வினை. அடிக்கடி விழுப்புரம் வந்துபோகும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி ஒருவர் ஏழுமலையை உற்றுப் பார்த்தார். "இவன் ஷெட்டுல கரி வார்றவன் இல்ல? சேரி ஆளுடா!" என்று கத்தினார். அவ்வளவுதான். அமுக்கிய ஐந்து பேரும் ஏரிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள்! ஐந்து நிமிஷ இடைவேளை நாற்பது நிமிஷமாயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு முன் கட்டிப் பிடித்தபோது எந்த வியாதியும் வராத உடம்புகள், சாதி தெரிந்ததும் தலை முழுகி ஈரம் சொட்டச் சொட்ட வந்தன. ஆட மறுத்தால் கோப்பை எங்களுக்கு வந்துவிடும் என்பதால் அவர்களுக்கு மறுக்கவும் மனமில்லை. "அவன் வந்தா ஒதுங்கிக்கோங்க, மேல படக் கூடாது" என்று கரையிலிருந்து உத்தரவு பறந்தது. தொடாமல் சடுகுடு ஆடுவது எப்படி என்று எனக்கு யாராவது விளக்கினால் தேவலை.

கடைசியில் அவர்கள் பக்கம் நாலு பேர், எங்கள் பக்கம் இரண்டு பேர். ஏழுமலை பாடிக்கொண்டு போனார். கையை நீட்டினார், நால்வரும் பின்வாங்கினார்கள். இன்னும் ஓரடி வைத்தார், இன்னும் பின்வாங்கினார்கள். ஒருவரையும் அவர் தொடவில்லை. நால்வரும் தாங்களாகவே பின்பக்கச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஜனங்களின் மடியில் போய் விழுந்தார்கள். ஏழுமலை மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினார். கோட்டைத் தாண்டினால் அவுட் என்பது இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட விதி. நடுவர் ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார். விசில் ஊதி நாலு விரலைத் தூக்கினார். நாங்கள் துண்டை வீசிக் குதித்தோம்.

கோப்பை கொடுத்த மிராசுதார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பசங்க ஆட்டத்துல தோக்கல. ஆசாரத்துக்கு ஒதுங்கினாங்க. அது செல்லாது" என்றார். நடுவரின் கை தானாக இறங்கியது. "இன்னாங்க அநியாயம் இது? கோடு கோடுதானே!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிட என் வயிறு எரிந்தது எங்கள் கேப்டன் வாயைத் திறந்தபோது. "செரிங்க, சமம்னு வெச்சிக்கலாம். கோப்ப ஆறு மாசம் உங்களுக்கு, ஆறு மாசம் எங்களுக்கு" என்றார் கோதண்டம். "அடுத்த வருசம் இந்த ஆளு வரக் கூடாது" என்றார் மிராசுதார். அதற்கும் கோதண்டம் தலையாட்டினார்.

ஏழுமலை இன்னும் நடுக்கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். மூச்சிரைத்தது. "ஐயா, நான் அவுட்டா, இல்லியா? அத்தயாவது சொல்லிட்டுப் போங்க" என்று நடுவரிடம் கேட்டார். நடுவர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

இரண்டே காலுக்குத் திரும்பும் வண்டி. "வுடுப்பா, பேஜாரு பண்ணாத. கோப்பதான் வருதில்ல?" என்றார் கோதண்டம்.

"கோப்பய நீங்களே வெச்சிக்கோங்க. நான் கேட்டது அது இல்லீங்க" என்றார் ஏழுமலை. மயிலத்தில் மல்லாட்டை வாங்கி நீட்டினேன். "வேணாங்க" என்றார். காலையில் உள்ளே உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தவன் கொடுப்பதை அவர் எதற்கு வாங்க வேண்டும்? எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

திண்டிவனம் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், ஏரிக்கரையில் நிழல் கிடையாது. இரண்டே கால் வண்டியை விட்டால் ஆறரை வரை காத்திருக்க வேண்டும். சடுகுடு பார்க்கப் போகிறீர்களென்றால் விதியைக் கேட்பதோடு நிற்காமல், அது யார் யாருக்குச் செல்லும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதியது ஊர் சுற்றிய பெருமைக்காக அல்ல. அச்சானதும் இஞ்சின் ஷெட்டுக்குக் கொண்டுபோய், கோதண்டத்தையும் அழைத்து வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கப் போகிறேன். நடுவர் சொல்லாமல் போனதை நான் சொல்கிறேன்: திண்டிவனத்தார் நாலு பேரும் அவுட். ஏழுமலை, நீங்கள் அவுட் இல்லை.